முள் தைத்தால்: ஊசியா, பற்றா, ஆஸ்பத்திரியா?

நூறு நாள் வேலையில் ஏரிக்கால்வாய் தூர்வாரும் பருவம் வந்துவிட்டால் வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டுப் பக்கத்து ஊர்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். முள் குத்தி நுனி உள்ளேயே ஒடிந்துவிட்டது. ஊசியால் நாமே எடுத்துவிடலாமா, பற்றுப் போட்டு இரண்டு நாள் பார்க்கலாமா, இதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமா? ஒவ்வொரு வழிக்கும் சத்தியம் செய்பவர்கள் உண்டு. ஒருவர் ஊசியால் எடுத்துவிட்டு மறுநாளே மண்வெட்டி தூக்கியிருப்பார். இன்னொருவருக்கு அதே ஊசியால் கால் வீங்கி, வாரக்கணக்கில் கூலி போயிருக்கும்.

இருவர் சொல்வதும் உண்மைதான். கையில் என்ன கருவி இருக்கிறது என்பதைவிட, உள்ளே என்ன போயிருக்கிறது, எங்கே நிற்கிறது, அது யாருடைய கால் என்பவைதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆகவே வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் கேள்விகளை வரிசைப்படுத்திக்கொள்வோம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது: குத்தியதைக் கண்ணால் பார்த்தீர்களா? இருட்டில், வரப்பில், விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் காலில் சுருக்கென்று ஏதோ பட்டதும் "முள்ளாகத்தான் இருக்கும்" என்று நடையைக் கட்டுகிறோம். கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் மூன்றும் நம் பக்கத்தில் உண்டு. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். முள்ளையும் பார்க்கவில்லை, தடவினாலும் தட்டுப்படவில்லை என்றால் ஊசியைத் தொடாதீர்கள். இடம் வீங்குவது, ரத்தம் கசிந்துகொண்டே இருப்பது, வயிற்று வலி, இமை கனத்துக் கீழே இறங்குவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் சரி, வீட்டில் அல்ல.

முள்தான் என்று உறுதியானால் அடுத்தது, பொருள். முள்ளும் மரச்சிராயும் செடியின் உடம்பு. உள்ளே தங்கினால் சதை அவற்றை விடாமல் எதிர்க்கும். வீக்கம், சீழ், கட்டி என்று ஏதாவது ஒன்றாகக் காட்டும். சுத்தமான கண்ணாடித் துணுக்கும் இரும்புத் துணுக்கும் அந்த அளவுக்குச் சதையைத் தூண்டுவதில்லை. ஆனால் துழாவினால் கண்ணாடி நரம்பையும் ரத்தக்குழாயையும் அறுத்துவிடும்.

பிறகு இடமும் ஆழமும். முள்ளின் தலை வெளியே தெரிகிறதா, தோலுக்கடியில் கருப்புக் கோடாகத் தெரிகிறதா, ஒன்றுமே தெரியாமல் அழுத்தினால் மட்டும் வலிக்கிறதா? விரல் மூட்டு, உள்ளங்கை, முழங்கால், நகத்தடி, கண்ணைச் சுற்றிய பகுதி என்றால் கணக்கே வேறு.

மண்ணும் சாணமும் பட்ட முள்ளா என்பது இன்னொன்று. ஆட்டுப்பட்டி, மாட்டுத்தொழுவம், வயல், ஏரி என்று நம் முள் எல்லாமே அப்படிப்பட்ட இடத்து முள்தான். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் கிடக்கும். வாய் சிறுத்து ஆழமாக இறங்கிய காயம் அதற்கு மிகவும் வசதியானது, ஏனென்றால் அங்கே காற்று புகாது.

கடைசியாக, யாருடைய கால்? என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்வியையும் அடித்துப்போடும் கேள்வி இதுதான். இதற்குத் தனியாக வருகிறேன்.

## வழி ஒன்று: ஊசியும் முள்வாங்கியும்

ஆடு மேய்ப்பவர்கள் இடுப்புக் கயிற்றில் முள்வாங்கி கட்டியிருப்பார்கள். பெண்களுக்கு வளையலிலோ தாலிக்கயிற்றிலோ ஓர் ஊக்கு தொங்கும். இரண்டும் கிடைக்காவிட்டால் அதே மரத்தில் இன்னொரு முள்ளை ஒடித்து, முள்ளை முள்ளால் எடுப்பதும் நடக்கிறது. இந்த மூன்றில் முள்வாங்கி நல்ல கருவி. ஊக்கு, கொதிக்கவைத்த பிறகு பரவாயில்லை. முள்ளால் முள்ளை எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் நுனியும் உள்ளே ஒடிந்தால் ஒன்று இரண்டாகும்.

தலை தெரிகிற முள்ளுக்கும், தோலுக்கடியில் ஆழமில்லாமல் கோடாகத் தெரியும் முள்ளுக்கும் இந்த வழியைவிட நல்ல வழி கிடையாது. செய்யும் விதம்தான் முக்கியம். முதலில் கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். முள் இளகட்டும் என்று வெந்நீரில் ஊறவைக்காதீர்கள்; செடிப்பொருள் தண்ணீரில் ஊறினால் உப்பி, மெத்தென்றாகி, பிடித்து இழுக்கும்போது துண்டு துண்டாகும். ஊசியையும் முள்வாங்கியையும் கொதிக்கவைக்கலாம், அல்லது ஸ்பிரிட்டால் துடைக்கலாம். தீக்குச்சியில் காட்டினால் கரி ஒட்டும். அதையும் துடைத்தாக வேண்டும். முள்வாங்கியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இரண்டு நுனியும் இடைவெளி இல்லாமல் சேர்கின்றனவா என்று பாருங்கள். சேராத முள்வாங்கி முள்ளை உள்ளே தள்ளிவிடும்.

தலை வெளியே இருந்தால் தோலை ஒட்டிப் பிடித்து, முள் எந்தச் சாய்வில் உள்ளே போனதோ அதே சாய்வில் நிதானமாக இழுக்க வேண்டும். நேர்குத்தாக வெடுக்கென்று இழுத்தால் ஒடியும். தோலுக்கடியில் இருந்தால் ஊசியைத் தோலோடு ஏறக்குறையப் படுக்கையாக வைத்து, முள்ளின் மேல்முனை இருக்கும் இடத்தில் மெல்லிய தோலை மட்டும் கிழித்துத் திறந்து, முனையை நெம்பி எடுத்து, பிறகு முள்வாங்கியால் பிடிக்க வேண்டும். குதிகாலில் தடித்த தோல் என்றால் இதில் வலியே பெரிதாக இருக்காது. வலித்தால், நல்ல ரத்தம் வந்தால், நீங்கள் தேவைக்கு மேல் ஆழமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் பிதுக்குவதும் கூடாது. ஒடிந்த நுனி இன்னும் ஆழம் போகும்.

எடுத்த முள்ளை வீசிவிடாதீர்கள். சீமைக் கருவேலத்தில் கணுவுக்கு இரண்டு முள்ளாக நிற்கும். அதே கிளையில் ஒரு முழு முள்ளை எடுத்து, வெளியே வந்ததை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நுனி கூராக முடிந்திருந்தால் முழுவதும் வந்துவிட்டது. மொட்டையாக முடிந்திருந்தால் மீதி உள்ளே இருக்கிறது. பிறகு குழாய்த் தண்ணீரில் சோப்போடு நன்றாகக் கழுவி, பீட்டாடைன் தடவினால் போதும்.

இதன் மறைமுகச் செலவு இரண்டு. ஒன்று, விடாப்பிடி. "இதோ வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம்" என்று அரை மணி நேரம் தோண்டிய குழி, முள்ளைவிட மோசமான காயம். அதற்குப் பிறகு டாக்டரிடம் போனாலும் சிதைந்த சதைக்குள் அவர் தேடுவது கடினம். இன்னொன்று, ஒரே ஊசியை வேலைக்களத்தில் கைமாற்றிக்கொள்வது. ஒருவர் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவர் காலில் இறங்கினால் ஹெபடைட்டிஸ் பி போன்ற நோய் பரவ வழி உண்டு.

## வழி இரண்டு: பற்றும் எருக்கம்பாலும்

சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்த பற்று, சுட்ட வெங்காயம், எருக்கம்பால் என்று வீட்டுக்கு வீடு ஒரு முறை இருக்கிறது. இவற்றைச் சொல்லித் தந்தவர்களை மதிக்கிறேன். ஆஸ்பத்திரி பல மைல் தொலைவில் இருந்த காலத்தில் அவர்களிடம் இருந்தது இதுதான். பற்றுப் போட்ட பிறகு சில முட்கள் வெளியே வருவதும் உண்மை. ஆனால் பெரும்பாலும் அப்படி வருவது முள்ளைச் சுற்றிச் சீழ் கட்டி, அந்தச் சீழ் உடையும்போதுதான். பற்று முள்ளை இழுத்து வருவதில்லை. உள்ளே தொற்று முற்றியதைத்தான் வெளியே வந்த முள் சொல்கிறது.

எருக்கம்பாலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அது தோலைப் புண்ணாக்கும் பால். அதைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழி பாதிக்கப்பட்டு, பார்வை மங்கிக் கண் டாக்டரிடம் ஓட வேண்டிவரும். சுண்ணாம்பும் காரம், பட்டால் திறந்த காயம் வெந்துபோகும். உணர்ச்சி குறைந்த காலில் சூடான பற்றைக் கட்டினால் தோல் வெந்தது ஆளுக்கே தெரியாது.

பற்றுக்கு ஏற்ற சூழ்நிலை ஏதாவது உண்டா என்று கேட்டால், முள் முழுதாக வந்துவிட்ட பிறகு வலிக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் தரலாம், அவ்வளவுதான். அதையும் உணர்ச்சியுள்ள கால்களுக்கு மட்டும்.

## வழி மூன்று: அப்படியே விட்டுவிடுவது

தோலின் மேலடுக்கில் மட்டும் நிற்கும், வலியே இல்லாத, மயிரளவுச் சிராயை விட்டுவிடலாம். தோல் வளர்ந்து உதிரும்போது அதுவும் சேர்ந்து வெளியேறும். மற்றபடி முள்ளை விட்டுவைப்பது கடன் வாங்குவதுதான். மூட்டுக்குப் பக்கத்தில் தங்கிய ஈச்ச முள்ளால் வாரங்கள், மாதங்கள் கழித்து மூட்டு வீங்குவதும், முள் குத்தியதே மறந்துபோன நிலையில் அதை வாதம் என்று நினைத்து மருந்து சாப்பிடுவதும் உண்டு. அதைவிடக் கடுமையானது, முள் குத்திய வழியாக மண்ணிலுள்ள பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து உண்டாக்கும் மைசிட்டோமா. 1842இல் மதுரையில் பதிவு செய்யப்பட்டதால் உலகமே அதை மதுராக் கால் என்கிறது. கால் வலியில்லாமல் மெல்ல வீங்கி, பல துளைகள் விழுந்து, குருணை போன்றவை வெளியேறும். வெறுங்காலோடு வயலில் நடப்பவர்களின் நோய் அது. முள் குத்திய இடத்தில் மாதக்கணக்கில் கரையாத வீக்கம் இருந்தால் வலி இல்லை என்பதற்காகச் சும்மா இருக்கக் கூடாது.

## வழி நான்கு: ஆஸ்பத்திரி

ஆழமாக ஒடிந்த முள், கண்ணாடி, மூட்டு, நகத்தடி, கண், செருப்பைத் துளைத்துக்கொண்டு ஏறிய முள் இவை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு உரியவை. செருப்பைத் துளைத்த முள்ளை ஏன் சேர்த்தேன் என்றால், அது ரப்பர்த் துணுக்கையும் அழுக்கையும் தன்னோடு இழுத்துச் செல்லும். ஷூ, செருப்பின் அடிப்பாகம் வழியாக ஏற்படும் குத்துக்காயத்தில் தொற்று எலும்பு வரை போகக்கூடும்.

பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். எக்ஸ்ரேயில் இரும்பு தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும்; முள்ளும் மரமும் பொதுவாகத் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்றும் இல்லை என்றார்கள்" என்று நிம்மதியாகத் திரும்பி வந்து, மாதக்கணக்கில் வலியோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள். முள்ளைத் தேட அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான் பொருத்தம். அதனால் டாக்டரிடம் "கால் வலி" என்று மட்டும் சொல்லாமல், "கருவேல முள் குத்தி ஒடிந்தது, ஒடிந்த துண்டு இதோ" என்று கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். இந்த ஒரு வாக்கியம் தேவையில்லாத எக்ஸ்ரே செலவை மிச்சப்படுத்தும்.

எந்த ஆஸ்பத்திரி? சாதாரணக் கேஸ்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையமே போதும்; அங்கே டெட்டனஸ் ஊசியும் காயத்துக்கு மருந்தும் இலவசம். ஸ்கேனும் ஆபரேஷனும் தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.க்கோ அனுப்புவார்கள். நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் கூட வருபவரின் கூலியும் போகும். இந்தச் செலவுக்குப் பயந்துதான் பலர் தள்ளிப்போடுகிறார்கள், நியாயமான பயம்தான். அதனாலேயே பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு முதல் நாளே போய்விடுவது நல்லது என்கிறேன்.

டெட்டனஸ் ஊசியில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. ஒவ்வொரு கீறலுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்பவர்கள் ஒரு பக்கம். அதற்கு அவசியம் இல்லை. குழந்தைப் பருவத் தடுப்பூசிகள் முழுவதும் போட்டவர்கள் என்றால், மண், சாணம் பட்ட காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு தாண்டியிருந்தால் போடுவார்கள். சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து ஆண்டு. மறுபக்கம், பள்ளியில் 10, 16 வயதில் போட்டதோடு சரி என்று இருக்கும் ஆண்கள். பெண்களுக்காவது கர்ப்பகாலத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் வயதான ஆண்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் "நினைவில்லை" என்பார்கள். நினைவில்லாவிட்டால் போடாததாகவே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

| வழி | எப்போது சரி | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|
| ஊசி, முள்வாங்கி | தலை தெரியும் முள், தோலுக்கடியில் கோடாகத் தெரியும் முள் | தோண்டிய காயம், பொது ஊசியால் பரவும் நோய் |
| பற்று, எருக்கம்பால் | முள் எடுக்க எப்போதும் சரியில்லை | சீழ், புண், கண்ணுக்கு ஆபத்து |
| விட்டுவிடுவது | வலியில்லாத மயிரளவுச் சிராய் | மாதங்கள் கழித்து மூட்டு வீக்கம், கட்டி |
| ஆரம்ப சுகாதார நிலையம் | அழுக்குக் காயம், ஒடிந்த நுனி, டெட்டனஸ் ஊசி | அரை நாள் வேலை |
| பெரிய ஆஸ்பத்திரி | மூட்டு, கண், ஆழமான கண்ணாடி, ஸ்கேன் தேவைப்படுவது | ஒரு நாளோ அதற்கு மேலோ கூலி, துணைக்கு ஓர் ஆள் |

## மரத்த காலுக்குத் தனி விதி

மேலே உள்ள அட்டவணை உணர்ச்சியுள்ள கால்களுக்கு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கும், தொழுநோய் வந்து குணமான பிறகும் காலில் உணர்ச்சி திரும்பாதவர்களுக்கும் முதல் வரியே கிடையாது. அவர்களுக்கு வீட்டு ஊசி வேண்டாம். சிறிய முள்ளானாலும் அன்றே டாக்டர்.

எங்கள் தெருவில் சர்க்கரை நோய் உள்ள மாமா ஒருவர் வீட்டில் ஒரு மாலை சிமென்ட் தரையெங்கும் ரத்தப் பொட்டுகள். அத்தை அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "முள் எப்போது குத்தியது?" என்று கேட்டார். "குத்தவே இல்லையே" என்றார் மாமா. வாசலில் கிடந்த செருப்பைத் திருப்பினால் அடிப்பாகத்தில் முள்ளின் தலை தெரிந்தது. நுனி ரப்பரைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்போடுதான் காலையிலிருந்து நடந்திருக்கிறார்.

வலிதான் காலைக் காப்பாற்றுகிறது என்ற பாடம் வேலூரில் படித்துத் தெளிந்த பாடம். 1946இல் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் கவனிக்கப்படாத காயங்களாலேயே சிதைகின்றன என்று காட்டினார். 1955இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் கால் பராமரிப்பும் எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்ணறை ரப்பர் செருப்பும் சிகிச்சையின் பாகமாக இருந்துவருவது அதனால்தான். சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் இன்று அதே கவனம்தான் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் சர்க்கரை உள்ளவர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக உங்கள் விரலால் மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தேய்க்கவோ வேண்டாம். ஆறு தொடுகையில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது. அப்படிப்பட்டவர் வீட்டுக்குள்ளும் செருப்பணிய வேண்டும், போடுமுன் செருப்பைத் தட்டி உள்ளே விரலால் தடவ வேண்டும், இரவில் உள்ளங்காலை யாராவது ஒருவர் பார்க்க வேண்டும்.

## முள் அல்லாதவை

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சப்பாத்திக்கள்ளியின் மயிர் முட்கள் கொத்தாக ஏறினால், முள்வாங்கியால் எடுத்தது போக மீதிக்கு ஃபெவிகால் தடவி, மெல்லிய துணியை ஒட்டி, நன்றாக உலர்ந்த பிறகு உரித்தால் பெரும்பகுதி வந்துவிடும். தேனீயின் கொடுக்கை நகத்தால் சுரண்டினாலும் பிடித்து இழுத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. தாமதம்தான் விஷத்தைக் கூட்டும். மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் கொடுக்கை மறந்துவிட்டு 108.

ஃபெவிக்விக் விரலில் ஒட்டினால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, விரலை உருட்டி உருட்டிப் பிரிக்க வேண்டும். நகப்பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் அதுவும் உதவும். ஆனால் கண், உதடு பக்கத்தில் அது கூடாது. பருத்தித் துணியாலும் பஞ்சாலும் துடைக்கவே கூடாது; அந்தப் பசை பருத்தியில் பட்டால் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் கையில் படியும் சொல்யூஷன் என்ற ஒட்டுப்பசைக்குச் சமையல் எண்ணெய் தேய்த்துச் சற்றுப் பொறுத்துச் சோப்புப் போடுவது நல்லது. தின்னர் சீக்கிரம் எடுக்கும், உண்மைதான். நாள்தோறும் அதில் கழுவும் கை வறண்டு வெடித்துவிடும்.

உண்ணி கடித்துத் தொங்கினால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது இரண்டும் வேண்டாம். தோலை ஒட்டி முள்வாங்கியால் பிடித்து, திருகாமல் மேல்நோக்கி நிதானமாக இழுத்துவிட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டியது. மழை ஓய்ந்து பனி தொடங்கும் மாதங்களில் வேலூர் வட்டாரத்தில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் ஆண்டுதோறும் வருகிறது. புதரில் இருக்கும், கண்ணுக்குப் படாத அளவு சிறிய பூச்சியின் கடியால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கரும்பொருக்கு இருக்கும், வலிக்காது, அக்குள், இடுப்பு மடிப்பு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் இருக்கும். ஒட்டிய அழுக்கு என்றோ உண்ணியின் தலை என்றோ நினைத்து அதைச் சுரண்டுகிறார்கள். அதில் எடுக்க ஒன்றுமே இல்லை. டாக்டர் நோயைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான அடையாளம் அது, எல்லோருக்கும் அது வருவதும் இல்லை. காய்ச்சலோடு அப்படி ஒன்று இருந்தால் தொடாமல், வெட்கப்படாமல், அந்த இடத்தை டாக்டரிடமோ நர்ஸிடமோ காட்டுங்கள். டாக்சிசைக்ளின் போன்ற எளிய மருந்தை நேரத்தோடு தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.